அக்கா கொண்டுபோன முதல் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் எம்.எஸ்சி. பட்டம் வாங்கியது என் மகள். சுற்றுச்சூழல் அறிவியல். ஆனால் அந்தப் பட்டத்துக்குள் என் உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்று குற்றாலம் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன். அதற்காகத்தான் இதை எழுதவும் செய்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன், தூக்கினேன். பிறகு காய் தரம் பிரித்தேன். பிறகு லாரியோடு போய் விற்றேன். பிறகு குற்றாலத்தில் ஒரு தள்ளுவண்டி. இன்று குற்றாலத்தில் ஒரு பழக்கடை, தென்காசியில் ஒரு பழக்கடை, இரண்டுக்கும் நடுவில் ஓட ஒரு குட்டியானை. வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மங்குஸ்தான் பழத்தை உடைக்குமுன்பே உள்ளே வெள்ளையா, மஞ்சள் பால் ஏறியதா என்று சொல்லிவிடுவேன். பெரிய பெரிய அதிகாரிகள் ஜீப்பை நிறுத்தி, "அண்ணாச்சி, நீங்களே பொறுக்கிப் போடுங்க" என்பார்கள். நம்பிக்கை என்பது சும்மா வருவதில்லை.

மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டு, மேலே சுற்றுச்சூழல் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மனைவி வங்கிப் பரீட்சை எழுதச் சொன்னாள். போலீஸில் இருக்கும் என் மச்சினன் சிரித்தான்.

"அத்தான், அது என்ன படிப்பு? மரம் நடுத படிப்பா? அதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி, ஒரு மம்பட்டி போதுமே."

"நீ போலீஸ்ல சேரும்போது ஒரு விசில் போதுமேன்னு நான் சொன்னனாலே?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உண்மையில் எனக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. எனக்கே விளங்காத ஒன்று சின்ன விஷயமாக இருக்க முடியாது என்று முடிவு செய்து சேர்த்துவிட்டேன்.

முதல் வருஷம் விடுதியில் இருந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காகிதப் பையைக் கொடுப்பாள். ரம்புட்டான் தோலை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்பாள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு சென்னைக்கார அம்மா காகிதப் பையைப் பார்த்து, "இந்தக் கடை வித்தியாசமா இருக்கே" என்றார். அன்றிலிருந்து அது என் யோசனை என்று சொல்லிக்கொண்டேன். என் மகளின் யோசனை என் யோசனைதானே.

இரண்டாம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதைக் கவனிக்கிற மேடம், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குளத்தை எடுத்துக்கொள், சுலபமாக முடியும் என்றிருக்கிறார். என் மகளா கேட்பாள்? குற்றாலத்தைத்தான் எடுப்பேன் என்று நின்றிருக்கிறாள். பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது. அவள் அம்மாவிடமிருந்தும் கொஞ்சம் வந்திருக்கலாம்.

கோடை லீவுக்கு வந்தவள் ஒரு நாள் சாப்பிடும்போது விளக்கினாள்.

"யப்பா, கோடை முழுக்க அருவி காஞ்சு கெடக்கும்லா. சீசன் ஆரம்பிச்சு மொதமொதல்ல விழுத தண்ணி இருக்கே, அது பாறை இடுக்கு, ஓடை, கடைக்குப் பின்னால கெடக்க எண்ணெய், சோப்பு, எல்லாத்தையும் அள்ளிட்டு வரும். அந்தத் தண்ணிதான் எனக்கு வேணும். பொறவு சீசன் நல்லா இருக்கையில ஒரு தடவை, ஓய்ஞ்ச பொறவு ஒரு தடவை. மூணையும் வச்சு ஒப்பிட்டுப் பாக்கணும்."

"மொதத் தண்ணியில எவன் குளிப்பான்? செக்கச்செவேர்னு கலங்கலால்லா வரும்."

"குளிக்கதுக்கு இல்லப்பா. சோதிக்கதுக்கு."

"அது தப்பிப் போச்சுன்னா?"

"தப்பிப் போச்சுன்னா இந்த ஆராய்ச்சியே கெடையாது. அடுத்த சீசன் வாரதுக்குள்ள என் படிப்பே முடிஞ்சிரும். அந்தக் குளத்துலயே போய் விழ வேண்டியதுதான்."

அவ்வளவுதானே, இதற்கு நான் ஒருவன் போதாதா என்று சொல்லிவிட்டேன். அருவியில் தண்ணீர் விழுந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். அருவிக்கரையில் டீக்கடை வைத்திருப்பவனுக்கும் எனக்கும் அப்படி ஒரு பழக்கம். தண்ணீர் வந்தால்தான் கூட்டம், கூட்டம் வந்தால்தான் எனக்குப் பழம் இறங்கும். அதனால் எந்த நேரமானாலும் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். அங்கே தண்ணீரைப் பார்ப்பதே திருவிழா. அதனால் ஒவ்வொரு சீசனுக்கும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு எங்கள் வீட்டில் வந்து இறங்குவாள். குளித்துவிட்டுப் போகும்போது கேன் கேனாக அருவித் தண்ணீர் பிடித்துப் போவாள். மலையில் இருக்கிற மூலிகை எல்லாம் அதில் கரைந்து வருகிறதாம். ஊருக்குப் போய் வேண்டியவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் கொடுப்பாள். மிச்சத்தை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க மூட்டுக்குத் தேய்ப்பாள். அக்கா மட்டுமில்லை, அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான்.

அந்த வருஷம் லேசாகச் சாரல் விழுகிறது என்று கேள்விப்பட்டதுமே வேன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்கள். அருவி அப்போதும் காய்ந்துதான் கிடந்தது.

"என்னலே தம்பி, ஒங்க ஊரு அருவி எங்களப் பாத்து ஒளிஞ்சிக்கிட்டா?"

"வேன் நெறைய ஆளப் பாத்தா ஒளியாம என்ன செய்யும் யக்கா?"

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் டீக்கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, வந்துட்டு." அவ்வளவுதான் சொன்னான். நான் மகளை எழுப்பப் போனால், அவள் ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டு ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். எங்கள் வீட்டுக் குட்டியானை அன்றைக்குப் போன வேகத்தில் அதற்கு முன்பு ஒருபோதும் போனதில்லை.

பேரருவியின் அடியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று குடையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நான் குடை பிடித்தேன் என்று சொல்கிறேன். குடைதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, தண்ணீருக்குள்ளேயே மூடி, துடைத்து, மேலே டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். அருவியடியில் ஒன்று. பஜாரைத் தாண்டிக் கீழே, சாக்கடை வந்து கலக்கிற இடத்தில் ஒன்று. தென்காசி ஆற்றுப் பாலத்துக்கு அடியில் ஒன்று.

பஜாரில் சிப்ஸ் கடைக்காரர் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார். "என்ன அண்ணாச்சி, மக அருவியப் பிடிச்சு பாட்டில்ல அடைக்கா?"

"அடைக்கத்தான் செய்யுதா. நீரு கடைக்குப் பின்னால ஊத்துத எண்ணெயும் இதுக்குள்ள மாட்டிக்கிடும், பாத்துக்கிடும்."

அவர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் திறக்காது. மறுநாள் முதல் பஸ்ஸில் கொண்டுபோவதாக ஏற்பாடு. அதுவரை குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து என் மங்குஸ்தானையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு மூன்று பாட்டிலையும் உள்ளே வைத்தாள். நல்ல பழத்தை வெளியே வைத்துச் சாக்கடைத் தண்ணீரை உள்ளே வைக்கிற வீடு தமிழ்நாட்டிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். நனைந்த அலுப்பில் அவள் தூங்கப் போனாள். நான் குற்றாலத்துக் கடைக்குப் போனேன். என் மனைவி பண்பொழி மலைக்கோவிலுக்குப் போயிருந்தாள்.

அன்றைக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால், போலீஸ்காரர்கள் கயிறு கட்டி யாரையும் அருவிப் பக்கமே விடவில்லை. அக்கா வேன் நிறைய ஆட்களோடு போய், சாரலில் நின்று நனைந்துவிட்டுத் திரும்பினாள். கேன் எல்லாம் காலி. பேரப்பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம். மத்தியானம் கிளம்பியே ஆக வேண்டும். இந்த மனக்குறையோடு தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறாள். உள்ளே மூன்று பாட்டில், பத்திரமாக டேப் ஒட்டி, வரிசையாக. என் அக்கா என்ன நினைப்பாள்? தம்பி மகள் விடியக்காலையிலேயே போய் அத்தைக்காகத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள், தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று நினைத்தாள். மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, தூங்குகிறவள் தலையைத் தடவிவிட்டு வேன் ஏறிவிட்டாள்.

மகள் போன் செய்தபோது நான் ஒரு கேரளாக்காரருக்குப் பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யப்பா, பாட்டில் மூணையும் காணும்."

"ஃபிரிட்ஜுல நல்லாப் பாரும்மா."

"அத்தையும் காணும்பா."

நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அக்காவுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அவள் போன் எப்போதும் துணிப்பையின் அடியில் இருக்கும். வேன் கடையநல்லூரைத் தாண்டியிருக்கும். துரத்திப் பிடிக்க முடியாது என்று வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் புளியங்குடி ஞாபகம் வந்தது. சாத்தூர் போகிற வேன் புளியங்குடி வழியாகத்தான் போக வேண்டும். புளியங்குடியில் எனக்குத் தெரியாத கமிஷன் கடை கிடையாது. என்னோடு மூட்டை தூக்கியவன் இன்று அங்கே பெரிய கமிஷன் கடைக்காரன். அவனைக் கூப்பிட்டேன்.

"ஒரு வெள்ள வேன் வரும். நிறுத்தி வையிலே."

"இங்கன வெள்ள வேன் நூறு போகும். எப்படிக் கண்டுபிடிக்க?"

"உள்ள இருந்து ஒரு பொம்பளச் சத்தம் ரோட்டுக்குக் கேக்கும். அதுதான் எங்கக்கா."

"சரி, அவியளா! முன்னமே சொல்லப்பிடாதா?" என்றான். எலுமிச்சை ஏற்றிக்கொண்டிருந்த லாரியை அப்படியே ரோட்டுக்குக் குறுக்கே விட்டுவிட்டான். அரசாங்கமே நினைத்தாலும் அவ்வளவு சீக்கிரம் ஒரு வேனை நிறுத்த முடியாது. அதைத்தான் செல்வாக்கு என்பது.

நானும் மகளும் குட்டியானையில் போய்ச் சேர்ந்தோம். அவள் வழி முழுக்க ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். மார்க்கெட் கொட்டகையில் எலுமிச்சைக் குவியலுக்குப் பக்கத்தில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் வேன் ஆட்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வேறு வரிசையாக நிற்கிறார்கள். அக்கா பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி ஆளுக்கொரு வாய் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"வாலே தம்பி! புதுத் தண்ணி வந்துருக்குன்னு சொன்னேன், எல்லாரும் கேட்டுட்டாவ. ஊருக்குக் கொண்டுபோகணும்னு இருந்தேன். ஆனா இவ்வளவு நேரம் நிப்பாட்டி வச்சு எலுமிச்சைச் சாறு குடுத்த ஆளுகளுக்கு இதுகூடக் குடுக்காட்டா நல்லாவா இருக்கும்?"

"யக்கா, அது குடிக்குத தண்ணி இல்லக்கா!"

"பின்ன? ஃபிரிட்ஜுல வச்சிருக்கது குடிக்குத தண்ணி இல்லாம, குளிக்குத தண்ணியா?"

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்தவர் முகத்தைப் பார்க்கிற நிலைமை எனக்கு அபூர்வமாகத்தான் வரும்.

மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் கேட்டது, யார் யார் எந்தப் பாட்டிலில் குடித்தார்கள் என்றுதான். இரண்டு பாட்டில் காலி. ஒன்று அருவியடித் தண்ணீர், இன்னொன்று ஆற்றுப் பாலத்துத் தண்ணீர். பாலத்துப் பாட்டிலில் குடித்தது அக்காவின் மகனும் லோடு தூக்குகிறவர்கள் சிலரும். "வயித்தால போனாலோ காய்ச்சல் அடிச்சாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், ஆத்துத் தண்ணி குடிச்சோம்னு சொல்லணும்" என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னாள். லோடு தூக்குகிறவர்களில் ஒருவர், "நாங்க கல்லைத் தின்னாலும் கரையும் தாயி" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் மகனுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது பாட்டில் அக்கா மடியில் துணிக்குள் சுற்றி இருந்தது. பஜாருக்குக் கீழே எடுத்தது. ஆராய்ச்சிக்கு அதுதான் உயிர்.

"இதை மட்டும் யாருக்கும் குடுக்கலட்டி. மூடியத் தொறந்து மோந்து பாத்தேன், சரியான வாடை. மூலிகை ஜாஸ்தி போல. இதைக் குடிச்சா தாங்காது, மூட்டுக்குத் தேய்க்கணும்னு எடுத்து வச்சேன்."

"அத்தே, அது பஜார் சாக்கடை கலக்குத எடத்துத் தண்ணி."

அக்கா பாட்டிலைப் பார்த்தாள், தன் முழங்கால் மூட்டைப் பார்த்தாள். "நான் இன்னும் தேய்க்கலல்லா" என்றாள் மெதுவாக.

எனக்கோ ஒரே சந்தோஷம். துரத்தி வந்து பிடித்துவிட்டேனே! "பாத்தியாம்மா, முக்கியமான பாட்டில் தப்பிச்சிட்டு! டேப்ப ஒட்டி ஐஸ்ல வையி, நேரா யுனிவர்சிட்டிக்கு விடுவோம்" என்றேன்.

அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். டேப் கிழிந்து தொங்கியது. பாட்டில் வெயிலில் வந்து இளஞ்சூடாக இருந்தது.

"இது ஆகாதுப்பா."

"பாட்டில் நெறைய அப்படியே இருக்கேம்மா?"

"நகம் பட்ட பழத்த நீங்க தட்டுல அடுக்குவியளா? மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள கறுக்க ஆரம்பிச்சிருக்கும்லா. இதுவும் அதே மாதிரிதான். தொறந்து, சூடேறி, கை மாறிட்டு. இதுல வார கணக்கு ஆத்துக் கணக்கு இல்ல."

சொல்லிவிட்டு, ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் ஊற்றினாள். "ஐயோ, மூட்டுக்கு..." என்று அக்கா வாய் தன்னால் சொல்லியது. பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பழகியவன். பள்ளிக்கூடப் பையிலிருந்து செல்போன் வரை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் வாய்க்கு வந்துவிட்டது.

"அழாதம்மா, எப்படியாவது வாங்கிருவோம்."

"அது எந்தக் கடையிலப்பா விக்கி?" என்றாள். பிறகு கொஞ்ச தூரம் போய், "அருவி மறுபடி காயணும். நல்லாக் காஞ்சு கெடந்து, பொறவு விழுந்தாத்தான் அது மொதத் தண்ணி" என்றாள்.

மறுநாள் மேடத்திடம் நடந்தது நடந்தபடியே சொல்லிவிட்டாள். ஆடி முடிவதற்குள் அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் குளம்தான் என்று மேடம் சொல்லிவிட்டார். புளியங்குடியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததுதான் அந்த வாரத்தில் அவளுக்கு ஒரே ஆறுதல்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். சீசனை நம்பி வாழ்கிறவன் நான். கடை நிறையப் பழம் இறக்கியிருக்கிறேன். அருவியோ ஜம்மென்று விழுகிறது. பண்பொழி மலையேறி முருகன் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் லாட்ஜ்காரர் ஒருவர், "முருகா, இந்த வருஷம் தண்ணி நிக்காம விழணும்" என்று வாய்விட்டு வேண்டுகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "அவரு சொல்லுததக் கேக்காத. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வையி" என்று மனசுக்குள் சொன்னேன். பழக்கடைக்காரன் ஒருவன் இப்படி வேண்டிக்கொண்டது அந்த மலையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முருகன் யார் பேச்சைக் கேட்டான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி பாதியில் காற்று நின்றது. சாரல் நின்றது. பேரருவி வடமாக மெலிந்து, நூலாகி, பிறகு பாறை மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. வந்தவர்கள் பாறையோடு போட்டோ எடுத்துக்கொண்டு, பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பினார்கள். பஜாரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. என் ரம்புட்டான் முடியெல்லாம் கறுத்தது.

"கடை ஈ ஓட்டுது, நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கிய!" என்றாள் என் மனைவி.

சிப்ஸ் கடைக்காரரும் கவனித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, ஊரு பூரா வெயிலடிக்கு, ஒம்ம மூஞ்சியில மட்டும் சாரலடிக்கு?"

எனக்கு ரகசியம் தங்காது. சொல்லிவிட்டேன். மத்தியானத்துக்குள் பஜார் முழுக்கப் பரவிவிட்டது. மகள் படிப்புக்காக அண்ணாச்சி வேண்டித்தான் அருவி நின்றுவிட்டது என்று ஆளாளுக்கு வந்து சண்டை பிடித்தார்கள். லாட்ஜ்காரர் வந்து, "பக்கத்துல நின்னே வேலையக் காட்டிட்டீரே" என்றார். நான் மறுக்கவில்லை. அருவியைப் பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் பேர். அருவியை நிறுத்தியவன் ஒருவன்தானே. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஆடி பிறந்து, பாதி தாண்டியும் வானம் வெறுமையாகக் கிடந்தபோது என் சிரிப்பும் குறைந்தது. நின்றது மட்டும் போதாது, ஆடி முடிவதற்குள் விழவும் வேண்டுமே. ஆராய்ச்சிக்காக வீட்டிலேயே தங்கியிருந்த மகள் தினமும் மேற்கே மலையைப் பார்ப்பாள். குளத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டாள். திறக்கவில்லை, ஆனால் எடுத்து வைத்துவிட்டாள். மறுபடியும் மலையேறினேன். இந்த முறை லாட்ஜ்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் ஒரே வேண்டுதலை ஒரே குரலில் சொன்னோம்.

ஆடி முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு சாயங்காலம் காற்று மாறியது. செங்கோட்டைப் பக்கம் மலை இருட்டிக்கொண்டு வந்தது. விடியும் நேரம் போன். "அண்ணாச்சி, வந்துட்டு. இந்தத் தடவ எங்க எல்லாருக்கும் சேத்து வந்துட்டு."

போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்பே பஜார்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள். சிப்ஸ் கடைக்காரர் குடை பிடிக்க வந்திருந்தார். நான் விடவில்லை, அது என் வேலை. மகள் பாட்டிலை அமுக்கி எடுத்தபோது யாரோ கைதட்டினார்கள்.

"ஒரு வகையில இது முன்னத விட நல்லதுப்பா," என்றாள் டேப் ஒட்டிக்கொண்டே. "ஆனியில குளிச்ச கூட்டத்தோட எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்ந்து பாறையில காஞ்சு கெடந்திருக்கு. எல்லாம் இதுல இருக்கும்."

"அதுக்குத்தான நான் நிப்பாட்டுனேன்" என்றேன்.

மூன்று இடத்திலும் தண்ணீர் எடுத்து முடித்தோம். அன்று வேலை நாள். வீட்டுப் பக்கமே போகவில்லை. ஐஸ் பெட்டி அவள் மடியில், வண்டி என் கையில், நேராகப் பல்கலைக்கழகம். பாதி வழியில் அக்கா போன்.

"தம்பி, தண்ணி விழுந்துட்டாமே! வேன் சொல்லிட்டேன்."

"வாக்கா, வா. ஆனா ஃபிரிட்ஜத் தொடாத."

வாசலில் காவலாளி மறித்தார். பழ வண்டி உள்ளே விடக்கூடாதாம். "இது பழம் இல்லய்யா, குத்தாலம்" என்றேன். அவர் குழம்பிப்போய்த் திறந்துவிட்டார்.

மகள் உள்ளே போனாள். நான் ஒரு புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்த எனக்கு அந்தக் கட்டடங்களைப் பார்க்கப் பயமாக இல்லை. நம்முடைய தண்ணீர் உள்ளே போயிருக்கிறதே. வெகுநேரம் கழித்து வந்தாள். நடையிலேயே தெரிந்துவிட்டது.

"மேடம் டேப்பப் பாத்தாவ, பாட்டிலத் தொட்டுப் பாத்தாவ. எடுத்துக்கிட்டாவப்பா. குளம் வேண்டாம்னுட்டாவ."

அன்றைக்கு இரண்டு பேரும் வழியில் நிறுத்திப் பிரியாணி தின்றோம். அத்தனை வாரத்தில் அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தால் அக்கா வந்து உட்கார்ந்திருக்கிறாள். சீசன் தண்ணீருக்காக மகள் அதற்குப் பிறகும் பாட்டில் பிடித்தாள். அவையும் ஃபிரிட்ஜில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் என் அக்கா எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி பெரிய தமிழ் எழுத்தில் "சாக்கடை" என்று எழுதி ஒட்டியிருந்தாள். அக்கா ஊருக்குப் போகும்போது மகள் அவளுக்கு ஒரு கேனும் கொடுத்தாள். அருவித் தண்ணீரை வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்தது. அதன் மேல் "அத்தைக்கு" என்று எழுதியிருந்தது.

ஊருக்குப் போன அக்கா அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"ஏலே தம்பி, புள்ள குடுத்த தண்ணியக் குடிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா மூலிகை வாடையே இல்லயே. அந்தச் சாக்கடையில கொஞ்சம் கலந்து தந்தா என்னவாம்?"